ஏலத்தாள் வாசிப்பவள்

காலை ஆறரை. நகோயாவில் பத்து மணி.
யூனியன் பிளேஸ், நாலாம் மாடி,
ஏசி இன்னும் குளிரத் தொடங்கவில்லை.
என் வேலை வாசிப்பது.

கருவாட்டுக்குப் பிளந்த மீன் மாதிரி
ஒரு காரை நாலாபக்கமும் விரித்துத்
தாளில் கீறியிருப்பார்கள்.
அதன் மேலே எழுத்துகள்.
ஏ என்றால் கீறல்.
யூ என்றால் பள்ளம்.
டபிள்யூ என்றால் அடிபட்டு, தட்டி நிமிர்த்தி,
சாய்ந்த வெயிலில் மட்டும் தெரிகிற அலை.
ஓரத்தில் பரிசோதகரின் கையெழுத்து,
அவசரமானது, பொய் சொல்லாதது.

இரண்டு வருடம் ஜப்பான் மொழி படித்தேன்
கவிதை வாசிக்கலாம் என்று.
‘பின் பம்பரில் நாய் கடித்த தடம்’ என்று
இப்போது வாசிக்கிறேன்.
அதுவும் பரவாயில்லை.

சூசைப்பிள்ளைக்கு வெள்ளவத்தை,
மரைன் டிரைவில் ஐந்தாம் மாடி.
மூன்று பாமசி. முழங்காலில் வாதம்.
வேண்டியதோ
நிலத்தில் ஒட்டிக் கிடக்கிற இரண்டு இருக்கை ஹோண்டா,
கூரை கழற்றுகிற எஸ் இரண்டாயிரம்.
‘இருபது லட்சம் யென். அதுக்கு மேலே
ஒரு சதமும் இல்லை பிள்ளை.’
முப்பதுக்குக் கீழே அது போகாதென்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
நாற்பத்தொரு வியாழக்கிழமை தோற்றோம்.
ஒவ்வொரு முறையும் போனில் ஒரு மூச்சு விடுவார்,
இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று
கேட்ட ஆள் விடுகிற மூச்சு.
‘சரி, விடு. அடுத்த கிழமை பார்ப்பம்.’

நாற்பத்திரண்டாவது வியாழன்
நகோயாவில் பனி கொட்டியது.
கூரை திறக்கிற கார் அன்றைக்கு யாருக்கு வேண்டும்?
இரண்டாயிரத்து மூன்று, வெள்ளி நிறம்,
எண்பத்தோராயிரம் கிலோமீற்றர்.
வாசித்துக்கொண்டே வந்தேன்:
‘சாரதி இருக்கை தேய்வு, ஓரம் கிழிசல்.
பக்கத்து இருக்கை புதியது போல.’

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
‘அப்ப இத்தனை வருசமும்
பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லையோ?’
‘அப்படித்தான் தெரியுது.’
‘அது நல்லதா பிள்ளை?’
‘விலைக்கு நல்லது’ என்றேன்.

எண்கள் ஏறின.
பதினேழு. பதினெட்டரை.
எதிரே ஒரே ஓர் ஆள்தான்,
அவருக்கும் கை குளிர்ந்திருக்க வேண்டும்.
பத்தொன்பது எண்பத்தைந்தில்
திரை நின்றது.

நாங்கள் வென்றுவிட்டோம்.

அவர் வீட்டில் கேத்தல் விசிலடித்தது.
அதை இறக்க யாரும் எழும்பவில்லை.
‘இனி என்ன செய்யிறது?’ என்றார்,
முதல்முறையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு.

மூன்று வயது தாண்டிய கார்
இந்தக் கரையில் இறங்காது.
வர்த்தமானியில் தமிழிலேயே இருக்கிறது,
நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை.
‘திருப்பி ஏலத்தில விடலாம் ஐயா.
கொஞ்சம் நட்டம் வரும்.’
‘கிடக்கட்டும்.’
‘யார்டுக்கு மாத வாடகை இருக்கு.’
‘கிடக்கட்டும் எண்டனே.’

கிடக்கிறது.
காவலுக்கு நீர்கொழும்புப் பொடியன், டிலங்க.
மாதம் ஒரு படம் அனுப்புவான், தூசி தட்டாமல்.
சித்திரையில் ஒரு ஞாயிறு
மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருந்தோம்.
‘மல்லி, கூரையைத் திற.
போனைப் பக்கத்து இருக்கையில வை.
இல்லை, மல்லாக்க வை.’

என் திரை முழுக்க
ஒரு துண்டு வானம்,
அதன் நடுவே மின்கம்பி.
திறப்பைத் திருப்பினான்.
ஒன்பதாயிரம் வரை முடுக்கு என்றார்.
முடுக்கினான்.
சரியாக அப்போது
அளுத்கம ரயில் ஐந்தாம் மாடிக்குக் கீழே
கடலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

ரயில் போய் முடிந்தது.
அங்கே இயந்திரமும் ஓய்ந்திருந்தது.
‘எனக்குக் கேக்கேல்லை’ என்றார் சூசைப்பிள்ளை.

‘திரும்ப ஒருக்கா.’