முப்பத்துமூன்று பாகை

காலை ஆறு நாற்பது. பீல் நகரத்து ஆஸ்பத்திரி.
யோகமூர்த்தியின் புருவத்தில் இன்னும் கோதுமை மா.
இரண்டு மணிக்கே எழும்பிப் போய்
பேக்கரி அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனுசன்.
இடது கை கனக்குது எண்டு
மூன்று தட்டுப் பாண் வெந்து இறங்கும்வரை
ஒருவருக்கும் சொல்லவில்லை.

டொக்டர் ஏஷ்லிமான் கட்டிலருகே குந்தியிருந்து
எனக்காக ஊர்ப்பேச்சை விட்டு
பள்ளிக்கூட ஜெர்மனில் சொன்னாள்:
குழாய் அடைத்திருக்கிறது, திறக்கப் போகிறோம்.
திறந்ததும் பாய்ந்து வருகிற இரத்தம்
பட்டினி கிடந்த தசையைத் தானே காயப்படுத்தும்.
அதனால் முதலில் குளிர வைப்போம்.
தொடை நாளத்தில் ஒரு குழல். முப்பத்துமூன்று பாகை வரைக்கும்.
இது ஆய்வு. உதவும் என்று நினைக்கிறோம்.
நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்.

பட்டினி எனக்கு விளங்கியது.
பங்கருக்குள் ஐந்து நாள் கிடந்து வெளியே வந்தவனுக்கு
யாரோ இரக்கப்பட்டு
வயிறு முட்டச் சோறு போட்டார்கள்.
அன்றிரவே செத்துப்போனான்.
கஞ்சித் தெளிவு கொடுத்திருக்க வேண்டும்,
அதுவும் கரண்டி கரண்டியாக.

குளிர்தான் விளங்கவில்லை.
எங்கள் பாஷையில் உடம்பு குளிர்ந்துவிட்டால்
வாசலில் பந்தல் போடுவார்கள்.

அவரே கையெழுத்துப் போட்டார்.
படிவத்தின் ஓரத்தில்
மாவால் ஒரு வெள்ளைக் கைரேகை.

வவுனியாவில் அவருடைய அக்கா கமலவேணி.
"குளிர வைக்கினம், மச்சாள்" எண்டதுதான்,
மிச்சத்தைக் கேளாமலே
பெருங்குரலெடுத்து அழத் தொடங்கிவிட்டாள்.
இல்லை, இல்லை, உயிரோடதான். கதைக்கிறார்.
சூடாப் போர்த்தியும் விட்டிருக்கினம்.
"போர்த்தினமோ, குளிர வைக்கினமோ?
ஒண்டைச் சொல்லடி."

இரண்டும்தான்.
மேலே சூட்டுக் காற்று ஊதுகிற போர்வை, நடுங்காமலிருக்க.
உள்ளே இரத்தத்தில் பனி.
தோலுக்குப் பொய் சொல்லி
நெஞ்சுக்கு நேரம் வாங்குகிறார்கள்.

எனக்குக் கடிகாரம் சோதிக்கிற இடத்தில் வேலை.
எட்டுப் பாகைப் பெட்டி. இருபத்துமூன்று. முப்பத்தெட்டு.
ஒவ்வொன்றிலும் வைத்து எடுத்து
நாளுக்கு எத்தனை செக்கன் பிந்துகிறது,
எத்தனை முந்துகிறது என்று எழுதுவோம்.
எட்டில் எண்ணெய் தடிக்கும்.
நல்ல கடிகாரம் என்றால் நிற்காது.
இதை அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது.
கதவு மூடிவிட்டது.

தாதி ஃப்ளூரினா இடைக்கிடை எட்டிப் பார்த்து
இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.
முப்பத்தைந்து தசம் ஒன்று.
முப்பத்துநான்கு.
ஏலம் கூறுகிற மாதிரி, ஆனால் கீழே கீழே.
ஜன்னலுக்கு வெளியே
பனி தூவின மஞ்சள் பஸ் ஒன்று
ஆளில்லாமல் திரும்பியது.

இயந்திரத்தில் எடுத்த தேத்தண்ணி
கையிலேயே ஆறிப்போயிருந்தது.
திரும்பவும் கமலவேணி.
"இப்ப எத்தினை?"
முப்பத்துமூன்று, மச்சாள். குழாயையும் திறந்திட்டினம்.
கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.
எங்கோ அவள் வீட்டு மின்விசிறி மட்டும் கடகடத்தது.
பிறகு, "சரி, ஆறட்டும்" என்றாள்,
தேத்தண்ணியைச் சொல்லுமாப்போல.
புண்ணைச் சொல்லுமாப்போல.

எவ்வளவு தசை மிஞ்சியது என்று
ஐந்தாம் நாள் படம் எடுத்துத்தான் சொல்வார்களாம்.
அதுவரைக்கும் ஒன்றும் கேட்காதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் உள்ளே விட்டார்கள்.
திரையில் முப்பத்தைந்து தசம் எட்டு,
அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.
உதடு வெளிறியிருந்தது. கையைத் தொட்டேன்,
கழுவி வைத்த கிண்ணம் மாதிரி.
கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பிடித்து
"குளிருது" என்றார்.
பிறகு, கொஞ்சம் கவலையோடு,
"நாலாவது தட்டை ஆர் இறக்கினது?"