கையால் சரிபார்க்கவும்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி மூன்றாவது ஜவ்வரிசி ஆலை.
எடைமேடையில் ஒரு லாரி ஏறி நிற்கிறது,
பின்னால் பதினொன்று.
கம்ப்யூட்டர் எழவில்லை என்று தீர்த்தகிரி போன் செய்தபோது
ஐந்து ரோட்டில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புத் திரை. அதில் இரண்டு வரி:
எதிர்பாராத முரண்பாடு.
கையால் சரிபார்க்கவும்.
கீழே துடிக்கும் ஒரு சின்னக் கோடு.

"வைரஸா மேடம்?"
இல்லை.
"டிஸ்க் போயிடுச்சா?"
அநேகமாய் இல்லை.
வைத்ததெல்லாம் உள்ளேதான் இருக்கிறது,
எதை எங்கே வைத்தோம் என்பது குழம்பிவிட்டது.

கொல்லிமலையிலிருந்து கிழங்கு ஏற்றிவந்த செங்கோடன்
கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்கிறார்:
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"
ஏழு முறை செய்திருக்கிறார்கள்.
ஏழு முறையும் புண்ணை மிதித்திருக்கிறார்கள்.

முதலில் நகல்.
பையிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்துச் செருகி
கட்டம் கட்டமாய்ப் பெயர்த்து வைக்கிறேன்.
ஒரு மணி பத்து நிமிடம் என்கிறது.
வெளியே கிழங்கில் ஈரம் வற்றுகிறது.
ஈரம் போனால் எடை போகும், எடை போனால் காசு.
யாரோ ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.
வடக்கே ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒற்றை வண்டியின் விளக்கு
வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து ஏறுகிறது.
அது உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும்
இங்கே அறுபது சதவீதம்தான்.

பிறகு கேள்விகள்.

காலிக் கட்டங்களின் எண்ணிக்கை தவறு. திருத்தலாமா?
ஆம்.
ஒரே கட்டத்தை இரண்டு கோப்புகள் தன்னுடையது என்கின்றன.
ஆளுக்கொரு நகல் கொடுத்துப் பிரிக்கலாமா?
ஆம்.
தாலுகா ஆபீசில் இல்லாத வசதி.

எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரே அடியில் சொல்ல
குறுக்குவழி உண்டு.
ஃபைனான்ஸ்காரன் நீட்டிய தாளில்
மடித்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள் நான்.
இப்போது படித்துவிட்டுத்தான் ஆம்.

எந்த அடைவிலும் சேராத கோப்பு, எண் 131074.
தொலைந்து கிடைத்தவற்றின் அறையில் வைக்கலாமா?
ஆம்.
131090?
ஆம்.
131102?

ஒன்றே முக்காலுக்கு எழுந்தது.
அந்த அறையில் ஒன்பது அநாதைகள்.
எட்டு வெறும் குப்பை.
ஒன்றில் மட்டும் ஒற்றை வரி:
14,320 கிலோ, பாயிண்ட் 27.
வண்டி எண் இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை.

வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்.
"அது என்னுது," என்றார் செங்கோடன்,
"செவ்வாக்கிழமை லோடு. இன்னும் பில்லு வரல."
"எனக்குந்தான் வரல," என்றார்
நாலாவது லாரியிலிருந்து இறங்கி வந்தவர்.
தீர்த்தகிரி என்னைப் பார்த்தார்.
மெஷின் என்றால் ஆளுக்கொரு நகல் கொடுத்திருக்கும்.
முதலாளி ஒருவருக்குத்தான் கொடுப்பார்.

மேஜைக்கடியில் குனிந்தேன்.
பிளக் பாயிண்ட் தளர்ந்து ஆடியது.
"தெனமும் ராத்திரி பிடுங்கிருவேன் மேடம்.
மே மாச இடியில பழைய மானிட்டர் போச்சு,
என் சம்பளத்துல பிடிச்சாங்க."
அது எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போதே,
பாதி எழுத்தில்,
தினமும்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டேன்.
நாலாயிரத்து இருநூறு.

ஜவ்வரிசி அட்டைப்பெட்டியைக் கிழித்து
மார்க்கரில் எழுதி ஒட்டினேன்:
முதலில் ஷட்டவுன். அப்புறம் பிளக்.
என் பில்லில் யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்து
இது இல்லாவிட்டால் இனி வரமாட்டேன் என்றும் எழுதினேன்.
வருவேன், அது வேறு.

மேடையில் நின்ற லாரியைக் கேட்டது மெஷின்.
சிவப்பு எண்கள் மேலும் கீழும் அலைந்து
24,860இல் நின்றன.
அடுத்தது ஏறியது.

அந்த ஒற்றை வரியை நான் அழிக்கவில்லை.
இருவரும் டீக்கடைப் பக்கம் போய்
எந்தச் செவ்வாய், எந்த மழை என்று
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.