தலையசைப்பு

எங்கள் வீட்டில் ஒன்றுக்கொன்று ஜோடி சேரும்
இரண்டு தேக்கரண்டிகள் கிடையாது.
வந்தவர்கள் வறுமை என்று நினைத்துக்கொள்வார்கள்.
ஒத்தார் சிரிப்பான்.
நான் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்துவேன்.
திருடர்கள் என்று சொல்லிக்கொள்ள
இந்த வயதிலும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் கரண்டி, பத்துமி போகும் ரயிலில்
சாப்பாட்டுப் பெட்டியில் எடுத்தது.
கல்யாணமாகி நான்கு நாள்.
அவன் கோட்டுப் பைக்குள் அது விழுந்த சத்தம்
இன்ஜின் வரைக்கும் கேட்டதாக எனக்குப் பட்டது.
பரிமாறிய பெண் எங்களைப் பார்த்தாள்.
பிறகு ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள்.

அன்றே சட்டம் போட்டோம்.
ஒரு நாளுக்கு ஒன்றுதான்.
மறக்கக் கூடாத நாளாக இருக்க வேண்டும்.
எடுக்கும் முன் இருவரும் தலையசைக்க வேண்டும்.
வெள்ளிக் கரண்டி கூடாது,
அது திருட்டு.

மகள் தேயோனா பிறந்த ஆஸ்பத்திரியின்
அலுமினியக் கரண்டி, ஊதினால் பறக்கும்.
லாரித் தொழிற்சாலையை மூடிய அன்று
ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள்,
ஒருவர் வாஷ்பேசினையே கழற்றினாராம்.
ஒத்தார் கான்டீன் கரண்டி ஒன்றோடு வந்து நின்றான்.
கரண்ட் இல்லை.
மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்து
என் தலையசைப்பைப் பின்தேதியிட்டுக் கொடுத்தேன்.
அவன் அம்மாவின் சாவுச் சாப்பாட்டுக்குப் பிறகு
வாடகைப் பாத்திரக்காரர் இரண்டு முறை எண்ணிவிட்டு
ஒன்று குறைகிறது என்றார்.
பணம் கொடுத்தோம்.
அதுமட்டும் விலைக்கு வாங்கியது.
தேயோனா லிஸ்பனுக்கு விமானம் ஏறிய காலை
காபிக் கடையில் கிடைத்தது ஒரு மரக்குச்சி.
அதைக் கரண்டியில் சேர்க்கலாமா என்று
ஒரு வாரம் வழக்காடினோம். ஜெயித்தது நான்.

அக்டோபரில், திராட்சை அறுப்பு முடிகிற வாரம்,
கல்யாண நாள் இரவில்
எல்லாவற்றையும் துடைத்து மேசையில் வரிசையாக வைப்போம்.
வரிசை என்றால் வருட வரிசை.
வைப்பது அவன் வேலை, நாளைச் சொல்வது என் வேலை.

பிடி வளைந்த ஒன்று இருக்கிறது.
முத்திரை இல்லை, ஊர் இல்லை.
"இது என்றைக்கு, லமாரா?"
"தெரியலையே. நீ எடுத்ததாக இருக்கும்."
"இருக்கும்."

குத்தாயிசி பஸ் நிலையம். பிப்ரவரி.
தேயோனாவை எதிர்வீட்டில் விட்டிருந்தேன்.
கையில் ஒரு பெட்டி, திபிலிசிக்கு ஒரு டிக்கெட்.
காரணம் மறந்துவிட்டது என்றால் பொய்.
நினைவிருக்கிறது, இங்கே வேண்டாம்.
மூன்று டீ குடித்தேன்.
மூன்று பஸ் போயிற்று.
மூன்றாவது டீயின் கரண்டி என் கைப்பைக்குள் கிடந்தது,
தலையசைக்க எதிரில் ஆளில்லாமல்.

வீட்டுக்கு வந்தபோது
அவன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.
பெட்டியைப் பார்த்தான்.
"உப்புத் தீர்ந்துவிட்டது" என்றான்.
பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போய்
உப்பு வாங்கி வந்தேன்.
அவ்வளவுதான் பேச்சு.
அப்புறம் முப்பது வருடத்துக்குப் பேச
வேறு விஷயங்கள் இருந்தன.

இதைத்தான் சொல்ல வந்தேன்.
தனக்குத் தெரியாத அந்தக் கரண்டியை
ஒத்தார் ஒவ்வொரு அக்டோபரும்
கான்டீன் கரண்டிக்கு அடுத்து,
அம்மாவின் சாவுக் கரண்டிக்கு முன்னால் வைக்கிறான்.
மற்றவற்றில் தடுமாறுவான்.
ரயிலையும் ஆஸ்பத்திரியையும் ஒருமுறை மாற்றி வைத்து
மகளைக் கல்யாணத்துக்கு முன்பே பிறக்க வைத்தவன்.
இதை மட்டும் ஒரு விரல் இடம்கூட
தவறி வைத்ததில்லை.

இந்த வருடம் வைத்துவிட்டு,
கேள்வி கேட்கவில்லை.
என்னைப் பார்த்து
லேசாகத் தலையசைத்தான்.

கழுத்து வலியாகவும் இருக்கலாம்.
பழைய மெக்கானிக்,
குனிந்தே வேலை பார்த்தவன்.

நானும் அசைத்தேன்.