நூற்று நாலாவது ஆள்

ராத்திரி ஒன்றே முக்கால்.
செக்காலை ரோட்டில் விழித்திருப்பவை
வயிரவன் மெடிக்கல்ஸின் பச்சைச் சிலுவை,
ஏடிஎம் வாசலில் ஒரு நாய்,
எதிர் மாடியில், போன் வெளிச்சத்தில், நான்.

பதினெட்டாம் குழி. எட்டடி பட்.
என் ஆள் குனிகிறான், நிமிர்கிறான்,
சுற்றி வந்து மறுபடி குனிகிறான்.
இந்நேரத்துக்கு ஒரு கிரயப் பத்திரமே அடித்து முடித்திருப்பேன்.
பந்து குழியின் உதட்டைத் தொட்டு
யோசித்து
வெளியே நின்றுவிட்டது.

"முடிஞ்சுச்சு."
கீழேயிருந்து வயிரவனின் மெசேஜ்.
யாரோ இருமல் மருந்துக்கு வந்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் திட்டு நீளமாக வந்திருக்கும்.

நூற்றிருபத்தைந்து பேருக்கு இருந்த அட்டையை
நூறாக்கிவிட்டார்கள்.
என் ஆள் நூற்று நாலு.

கோல்ஃபா, என்று சிரிப்பீர்கள்.
காரைக்குடியில் புல் என்றால் அருகம்புல்,
அதுவும் பிள்ளையாருக்கு.
மட்டையைக் கையால் தொட்டதில்லை நான்.
கிரிக்கெட் நின்றுபோன கொரோனா மாதங்களில்
விரல் தவறி வந்த சேனல்.
பந்தை அடிக்கும்போது ஊரே வாயை மூடிக்கொள்கிறது.
பகலெல்லாம் கோர்ட்டில் கிடப்பவளுக்கு
அது போதாதா?

அப்புறம்தான் தெரிந்தது,
அங்கேயும் பங்காளிச் சண்டை.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
பாகப்பிரிவினை வழக்குகள்தான் என் சோறு.
கானாடுகாத்தானில் ஒரு வீடு, அறுபத்து மூன்று பங்கு,
பதினேழாம் பிரதிவாதி சிகாகோ,
பதினெட்டாம் பிரதிவாதி காலமாகிவிட்டார்.
அதே கதை அங்கே.
பெரும் பணத்தோடு ஒருவன் புது வளவு கட்டினான்.
மூன்றே நாள் ஆட்டம், கட் கிடையாது,
கடைசியாக வந்தாலும் கை நிறைய,
டீயில் நிற்கும்போதே ஸ்பீக்கரில் பாட்டு.
போனவர்கள் போனார்கள்.
போனவனுக்குப் புள்ளி இல்லை என்றது பழைய வீடு.

புள்ளி.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.
கோயில் கணக்கில் புள்ளியாக எழுதினால்தான்
ஒரு குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம்.

என் ஆளையும் கூப்பிட்டார்களாம். போகவில்லை.
ஏன் என்றதற்கு,
"கட் இல்லாமல் வெள்ளிக்கிழமை எதற்கு?" என்றான்.
அந்த வரியைத் தமிழில் எழுதி
கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.
ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம் என்று
நினைத்துக்கொண்டிருக்கிறார் வக்கீல்.

பேச்சுவார்த்தை என்றார்கள்.
கைகுலுக்கிய படம் வந்தது. பிறகு வாய்தா.
பிறகு வாய்தா.
இப்போது போனவர்களில் ஓரிருவர் திரும்புகிறார்கள்,
அபராதம் கட்டி,
அங்கே வாங்கின பணத்திலேயே.
வாசலில் கேமரா. தோளில் கை.
வரட்டும்.
அவர்கள் டிரைவைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.
ஆனால் இத்தனை நாள் வீட்டுவரி கட்டி
ஒழுகின ஓட்டை மாற்றினவன் பெயர்
எந்த ஷரத்தில் வருகிறது?

வயிரவன் ஒத்துக்கொள்வதில்லை.
"போயிருந்தா செட்டில் ஆகியிருப்பான்.
எட்டடி போடத் தெரியாதவனுக்கு
நீங்க ஏன் வக்காலத்து வாங்குறீங்க?"
அதுவும் சரிதான்.
அந்த ஒரு வாரத்தில் மட்டும்
குட்டைப் பட் பதினொன்றைத் தவறவிட்டான்.
எந்தச் சங்கமும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை.
நூற்று நாலாவது ஆள் தகுதிச் சுற்று ஆடுகிறான்,
எங்கோ ஒரு முனிசிபல் மைதானத்தில்.
எண்பது பேர், நாலு இடம்.
இதை எந்த டிவியும் காட்டாது. எண்கள் மட்டும் வரும்.

மணி எட்டு. கரண்ட் போய்விட்டது,
இன்வெர்ட்டர் முனகுகிறது.
"மேற்படி சொத்தில் வாதிக்குரிய அறுபத்து மூன்றில் ஒரு பங்கு"
என்று அடித்து, நிறுத்தி,
ஃபைலுக்கடியில் போனை இழுத்துப் பார்க்கிறேன்.
ஆறு குழி, இரண்டு கீழே.

மறுபடி இழுக்கிறேன்.
சக்கரம் சுற்றுகிறது.