ஆறு டெசிபல்

பாயா தெருபோங், பதினாலாம் மாடி.
லிஃப்ட் பழுதென்று படியேறி வந்தவன்
வாசலில் குனிந்தும் நெற்றியை இடித்துக்கொண்டான்.
கமலேஸ்வரன். உறுமி மேளக் குழு. ஆறடி இரண்டு.
"கூரை ரொம்பத் தாழ்வுக்கா" என்றான்.
நான் கோப்பி ஓ கலக்கினேன்.

பென்டிரைவில் நான்கு நிமிடம் பத்து நொடி.
பட்டர்வொர்த்தில் ஏதோ மேம்பாலத்தடியில்
ஞாயிறு மதியம் அடித்துப் பதிந்தது.
"பேஸ் ஏத்தணும். எக்கோ வேணும்.
லோரியில கட்டுற பாக்ஸ்
நெஞ்சுக்குள்ள உதைக்கணும்க்கா."

திரையில் அலை விரிந்தது.
மேலே ஒரு கோடு: பூஜ்யம்.
ஊரெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கி மேலே எண்ணுகிறது.
இங்கே பூஜ்யம்தான் உச்சி.
அதற்குக் கீழே எல்லாரும் கழித்தல் குறியோடு
வாழ்ந்தாக வேண்டும்.

அவன் அலையோ வந்தபோதே உச்சியை உரசிக்கொண்டிருந்தது.
அதனால் முதலில் குறைத்தேன். ஆறு டெசிபல்.
முழுத்திரை அலை பாதியாகச் சுருங்க
அவன் முகமும் கூடச் சுருங்கியது.
"குறைச்சிட்டீங்களே."
"இடம் ஒதுக்குறேன், தம்பி."

பேஸை நான்கு ஏற்றினேன்.
ஒதுக்கிய இடத்தில் பெரும்பகுதி போயிற்று.
எதிரொலி இன்னும் தந்திரக்காரி.
தனியே பார்த்தால் உயரமே இல்லாதவள்,
முந்தின அடியின் வாலைப் பிடித்து
அடுத்த அடியின் தோளில் ஏற்றிவிடுவாள்.
இரண்டும் சேர்ந்து கோட்டைத் தாண்டும்.
ஓரத்தில் சிவப்பு விளக்கு.

சிவப்புக்குப் பயப்பட வேண்டாம், இப்போதைக்கு.
இந்த மென்பொருள் பெருந்தன்மையானது.
உள்ளே இருக்கும்வரை
எவ்வளவு உயர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.
இறக்கினால் சேதமில்லாமல் இறங்கும்.
கோப்பாக வெளியே அனுப்பும்போதுதான் வெட்டும்.

(கூலிமில் இருக்கும் தங்கைக்குப் போன வருடம்
ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.
இரண்டு நிமிடம். திரும்பக் கேட்டுப் பார்க்கவில்லை.)

வெட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டான்.
சன்னலைக் காட்டினேன்.
எதிரே காண்டோவுக்காகத் தலை சீவிய குன்று,
செம்மண்ணாய், மேசைபோல் மட்டமாய்.
"அங்க ஒரு காலத்துல கூம்பு இருந்துச்சு."

இன்னொரு முறை எல்லாவற்றையும் இறக்கினேன்.
ஒவ்வொரு அடியும் தன் முழு உயரத்தில் நின்றது,
இரண்டு நிமிடம் நாற்பத்தொன்றாம் நொடியைத் தவிர.
அங்கே வெட்டியது நானில்லை, மைக்.
எவனோ வெறியில் உறுமியை அதன் வாயருகே கொண்டுபோயிருக்கிறான்.
வந்தபோதே மொட்டை.
குறைத்தால் மொட்டை கீழே இறங்கும்,
முடி முளைக்காது.

இதற்கும் ஒரு பொத்தான் உண்டு,
காணாமல் போன உச்சியை ஊகித்து வரைய.
அழுத்தினேன். வழவழவென்று வரைந்தது.
பட்டர்வொர்த்தில் யாரும் அடிக்காத ஓர் அடியை.

"ஐயோ, வேணாக்கா, பழசையே போடுங்க.
அந்த கர்ர்ர்னு வர்றது இருக்குல்ல,
பசங்க அதுக்குத்தான் ஆடுவானுங்க."

பதினேழு வருடமாக நான் விரட்டிய பேயை
நாற்காலி போட்டு உட்கார வைக்கச் சொல்கிறான்.
உட்கார வைத்தேன்.
மற்றதெல்லாம் உச்சிக்கு ஒன்று கீழே.
அதுவும் அங்கேயே, உடைந்தபடி.

ஐம்பது ரிங்கிட் கொடுத்தான்.
"சத்தம் பத்தலன்னா லோரியில நான் ஏத்திக்கிறேன்."
லோரி வரைக்கும் என் கை எட்டாது என்றேன்.
சிரித்தான்.
போகும்போது வாசலில்
தேவைக்கு நான்கு விரல் கூடவே குனிந்தான்.

லிஃப்ட் இன்னும் பழுது.
பதினாலு மாடியும் வாயாலேயே
மேளம் அடித்துக்கொண்டு இறங்கினான்.
ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் தேய்ந்தது.
ஒன்பதிலோ எட்டிலோ
அந்த கர்ர்ர் வந்தது,
சரியான இடத்தில்.