நீல பேஸ்

நமக்கு ஐப்பசி.
கோட்டைவாசல் தாண்டினால் துலாம்.
இடிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

புளியரை துணைமின் நிலையத்தில்
இரவு ஷிப்டுக்கு நான் ஒருத்தி.
கேட்டில் மாடக்கண்ணு, சாக்கைத் தலையில் போட்டபடி.
பேட்டரி அறையில் ஐம்பத்தைந்து செல்கள்
அமில வாடையோடு விழித்துக் கிடந்தன.
ஊரே இருண்டாலும்
பிரேக்கரைத் திறக்கிற தெம்பு அவற்றிடம்தான்.
வெளியே சொன்னால் சிரிப்பார்கள்:
கரண்டை நிறுத்தவும் கரண்டு வேண்டும்.

ஒன்பது நாற்பதுக்கு மலை ஒருமுறை வெளுத்தது.
மின்னல்தாங்கி அதை விழுங்கி
மண்ணுக்கு அனுப்பிவிட்டது.
இடுப்பில் அதற்கொரு கவுண்டர்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டானது.
வாங்கிய அடியை எண்ணிவைப்பது தவிர
அதற்கு வேறு பேச்சில்லை.

பத்து பத்துக்குக் கோட்டைவாசல் பீடர் விழுந்தது.
ரிலேயின் கண்ணாடிக்குள்
சிவப்புக் கொடி சரிந்தது. எர்த் ஃபால்ட்.

மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும்.
அந்த மூன்று நிமிடத்தில் எத்தனை பேர்!
ஐஸ் கம்பெனி. கோழிப்பண்ணை. செக்போஸ்ட்.
மறுவீட்டுப் பந்தியில்
பாயசம் எது ரசம் எது என்று தெரியாத ஒருவர்:
"என்னம்மா, அங்க தூங்குறீங்களா?"

கொடியைத் தூக்கிவிட்டுக்
கைப்பிடியைத் திருப்பினேன்.
நின்றது.
தொலைபேசி வாயை மூடிக்கொண்டது.
வந்த கரண்டுக்கு யாரும் போன் செய்வதில்லை.

ஆனால் ஒரு பையன் செய்தான், கற்குடியிலிருந்து.
"அக்கா, லைட்டு எரியுது,
ஆனா சீக்கு வந்த மாதிரி எரியுது."

பதினோரு மணி ரீடிங்:
சிவப்பு அறுபத்திரண்டு.
மஞ்சள் அறுபத்தொன்று.
நீலம் முப்பத்தொன்பது.
ஆமீட்டரை விரலால் தட்டினேன்.
முள் சற்று நடுங்கி
அதே இடத்தில் உட்கார்ந்தது.

ரிலேயைப் பார்த்தேன். கொடி விழவில்லை.
அது பொய் சொல்லவில்லை.
எதையாவது தொட்டு மண்ணுக்குள் ஓடுகிற கரண்டை மட்டும்தான்
அது பிழை என்று படித்திருக்கிறது.
தொடாமல் நிற்பதை அதற்குத் தெரியாது.

நானே திறந்தேன்.
மலையடிவாரம் மறுபடி அணைந்தது.

"திரும்பவும் போச்சா?" என்றார் மாடக்கண்ணு.
"போகலை. எடுத்தேன்."
உதவிப் பொறியாளரும் அதையே கேட்டார்,
கொஞ்சம் சத்தமாக:
"ரிலே எடுக்கலை, நீ ஏன் எடுத்தே?"
ஐஸ் கம்பெனிக்காரர் என் பெயரைக் கேட்டு
எழுதிக்கொண்டார்.
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

செய்யது மசூது டார்ச்சோடு ஏறிப்போய்
ஒன்றரை மணிக்கு அழைத்தார்.
மூன்றாம் வளைவுக்கு மேலே கம்பி அறுந்திருக்கிறது.
அறுந்த வேகத்தில் தேக்கை ஒரு அறை;
அதுதான் பத்து பத்து.
அப்புறம் கம்பத்திலிருந்து இறங்கி
ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையின் மேல்
நெஞ்சுயரத்தில்
இலையைக்கூடத் தொடாமல்
ஆடிக்கொண்டிருந்தது.

"மழை விட்டாச்சு.
நாலு மணிக்கு வெட்டுக்காரங்க
நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு
இதுலதான் ஏறுவாங்க" என்றார்.
பிறகு,
"லைன் செத்துதானே கிடக்கு?"
"செத்துக் கிடக்கு அண்ணே. எர்த்தும் போட்டிருக்கேன்."
கொஞ்சம் கழித்து,
"செத்துதானே கிடக்கு?"
இரண்டாம் முறையும்
பேனலைப் போய்ப் பார்த்துவிட்டே சொன்னேன்.

காலையில் தடங்கல் படிவம்.
இயங்கிய ரிலே: இல்லை.
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
'நீலம் 22 குறைவு' என்று எழுதியதும்
இடம் முடிந்துவிட்டது.