நான்கு விரற்கடை

பிப்ரவரித் தொடக்கம். ஹூசாவீக்கில்
பொழுது விடியக் காலை பத்தாகும்.
அதற்குள் ஸ்வெர்ரிர்
வண்டியின் நான்கு கால்களையும் கழற்றிவிட்டான்.
பழைய ஸ்பிரிங்குகள் சுவரோரம் துருவோடு நின்றன,
வேலை முடிந்தும் கூலிக்குக் காத்திருப்பவர்கள் போல.

புது ஸ்பிரிங் நான்கு அங்குலம் கூடுதல்.
புது டயர் முப்பத்தெட்டு.
பழைய முப்பத்தொன்றைப் பக்கத்தில் சாய்த்தால்
தாம்பாளத்துக்கு அருகே ஒரு காப்பித் தட்டு.

அளவெல்லாம் என் பொறுப்பு.
நோட்டில் எழுதினேன்:
பிரேக் குழாய் இன்னும் ஒரு சாண் வேண்டும்,
இல்லையென்றால் சக்கரம் தொங்கும்போது அறுந்துவிடும்.
ஷாஃப்ட் சாய்கிறது, கோணம் திருத்த வேண்டும்.
சக்கரத்தின் மேல்வளைவை வெட்ட வேண்டும்.

ஸ்வெர்ரிர் கிரைண்டரை வைத்தான்.
பதினெட்டு வருடப் பெயின்ட் பொறியாய்ப் பறந்தது.
எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி.
அவன் கை நடுங்கவில்லை,
நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

எதற்கு இதெல்லாம் என்றவர்களுக்கு
மீட்புக் குழுவில் சேரப்போகிறோம் என்றான் அவன்.
பனியாறு பார்க்க என்றேன் நான்.
போன மார்ச்சில்
மலைமேட்டுப் பனியில் வயிறு தட்டி வண்டி உட்கார்ந்துவிட,
பதினோரு மணி நேரம் ஒரே போர்வைக்குள் இருந்தோம்
ஒரு வார்த்தை பேசாமல்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஜாக்கை இறக்கினோம்.
வண்டி எழுந்து நின்றது.
நாய் வழக்கம்போல் தாவி,
மோவாயை இடித்துக்கொண்டு,
யார் வண்டி இது என்று என்னைப் பார்த்தது.
இனி மீட்டரும் பொய் சொல்லும்:
அது எண்பது என்றால் உள்ளபடி தொண்ணூற்றெட்டு.
கால் வளர்ந்த சேதி அதற்குப் போய்ச் சேரவில்லை.

விடிந்ததும் கராஜ் கதவைத் தூக்கினேன்.
அவன் பின்னால் எடுத்தான்.
நிறுத்து!

கதவு நிலையைவிடக் கூரை
நான்கு விரற்கடை உயரம்.

நோட்டைப் புரட்டினேன். ஆறு பக்கம் அளவு.
ஒரு பக்கத்திலும் கதவு இல்லை.

கத்துவான் என்று நின்றேன்.
அவன் குதித்து இறங்கினான் (இறங்க இனி குதிக்கத்தான் வேண்டும்).
டயரோரம் குந்தி வால்வு மூடியைத் திருகினான்.
உஸ்ஸ்ஸ்...
பனியில் இதைத்தானே செய்யப்போகிறோம்,
இங்கேயே பழகலாம் என்றான்.

நான்கு டயரும் பிசைந்த மாவாய்ப் பரந்து உட்கார்ந்தன.
இன்னும் ஒன்றரை விரல் மிச்சம்.

எதிர்வீட்டு லெஷெக்
மீன் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
ரப்பர் பூட்ஸோடு வந்தான்.
ஒன்றும் கேட்காமல் பின் சீட்டில் ஏறினான்.
பாதிரியார் யோருன்
நீந்திவிட்டுத் திரும்பும் வழி,
தலைமுடி உறைந்து குச்சி குச்சியாய் நிற்க, அவளும்.
அவளுடைய இரட்டைப் பையன்கள்,
ஆளுக்குத் தொண்ணூறு கிலோ.
சாலைக்குப் போடும் உப்பு இரண்டு மூட்டை.
நாயை யோருன் மடியில் தூக்கிப் போட்டேன்.

ஸ்பிரிங்குகள் முனகின.
வயிற்றை எக்கிக்கொண்டு நழுவும் ஆள் போல
வண்டி அங்குலம் அங்குலமாய் வெளியே வந்தது.
கூரையில் ஒரு நகக்கீறல். அவ்வளவுதான்.

வெளியே வந்தும் யாரும் இறங்கவில்லை.
லெஷெக் தூங்கிப்போயிருந்தான்.
பையன்கள் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்து
பனிக்குவியலுக்கு மேலாக
வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் தெருவிலிருந்து அது தெரியும் என்று
இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

ஏழாம் பக்கத்தில் எழுதினேன்:
கதவு – ஐந்து பேர், ஒரு நாய், உப்பு இரண்டு மூட்டை.
சாயங்காலம் உள்ளே விடுவது எப்படி
என்று எழுதத் தொடங்கும்போது
ஸ்வெர்ரிர் மேலிருந்து கையை நீட்டினான்.
படி இன்னும் பொருத்தவில்லை,
பிடித்துக்கொள், என்றான்.